மீன்கொத்தியின் பின்னால் இருவர்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்குச் சங்கரசுப்பிரமணியனை முதன்முதலாகச் சந்தித்தேன். பாளையங்கோட்டையில் அவர் வீட்டு வாசலில் நின்று, என் மகனின் உயிரைக் காப்பாற்றுமாறு கேட்டேன். அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் அறிந்ததில்லை.

வீடுவீடாக மின்கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர் அவர். ஞாயிறுதோறும் கேமராவுடன் தாமிரபரணிக் கரைக்குச் செல்வார். அவரிடம் இருந்தது ஒரே லென்ஸ். கோபுரம் முழுவதையும் அடக்கும். வளையத்தைத் திருகினால் தொலைவிலுள்ள குருவியையும் அருகில் இழுக்கும். மணல் பறக்கும் ஆற்றங்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது என்பது அவர் கட்சி. "கல்யாண வீட்டுக்கும் கொக்குக்கும் ஒரே சட்டையா வே?" என்று புகைப்பட மன்றத்து நண்பர்கள் கேலி செய்வார்களாம்.

அந்த லென்ஸில், ஓராண்டு காத்திருந்து அவர் எடுத்த ஒரு படம்தான் என்னை அவர் வாசலுக்குக் கொண்டுவந்தது: மீனைக் கவ்வியபடி நீரைவிட்டு எழும் மீன்கொத்தி. புகைப்பட மன்றக் கண்காட்சியில் முதற்பரிசுக்குத் தேர்வாகி, முந்தைய நாள் மாலையே சுவரில் மாட்டப்பட்டிருந்தது. பறவைக்குச் சற்றுப் பின்னே, குறுக்குத்துறைக் கல்மண்டபப் படியில் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவன் என் மகன் ஜெய்சன். அவன் தோளில் சாய்ந்திருந்தவள் முத்துராணி. விலையுயர்ந்த பெரிய லென்ஸாக இருந்திருந்தால் பின்புறம் பால்போலக் கரைந்திருக்கும். இதில் இருவர் முகங்களும் தெளிவாகத் தெரிந்தன.

நாங்கள் வேறு சாதி, வேறு மதம். முத்துராணியின் அண்ணன் பெருமாள்ராஜ், சித்தப்பா மகளுடன் பழகிய பையனை வெட்டிவிட்டு ஜாமீனில் இருந்தான். அன்று தொடங்கவிருந்த கண்காட்சிக்கு மைக் கட்ட ஒன்பது மணிக்கு வரவிருந்தவனும் அவனே. அரங்கில் படங்களை மாட்டிய ஜெய்சனின் நண்பன் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது. விடியற்காலையில் என்னிடம் வந்து அழுதான்.

சங்கரசுப்பிரமணியன் கணினியில் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"பறவையைத்தான் பாத்தேன் சார். பின்னால ஆள் இருக்கதை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

எட்டரை மணிக்கு அரங்கை அடைந்தோம். பெருமாள்ராஜ் முன்னதாகவே வந்திருந்தான். அவன் ஏணி அந்தப் படத்திற்கு ஒரு முழம் தள்ளிச் சாத்தப்பட்டிருந்தது. உச்சிப்படியில் நின்று ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் மட்டும் பைய நடந்துபோய்ப் படத்தைக் கழற்றினார்.

"ஏன் அண்ணாச்சி கழத்துதிய? கொண்டாங்க, நான் புடிக்கேன்."

இறங்கிவந்து இரு கைகளையும் நீட்டினான். அவர் படத்தை நெஞ்சோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டார்.

"கண்ணாடி விரிஞ்சிருக்கு தம்பி. கையை அறுத்துரும். நீ உன் சோலியப் பாரு."

அவன் அவரையும், வாசலில் நின்ற என்னையும் மாறிமாறிப் பார்த்தான். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீடித்ததென்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. பின்னர் ஏணியில் ஏறினான்.

வெளியே மன்றச் செயலாளர் மீரா முகைதீன் வழிமறித்தார். "ஒரு வருசமா இதுக்குத்தானே ஆத்துல கெடந்தீரு? இப்ப என்ன கோட்டி புடிச்சிருக்கு உமக்கு?"

நிறம் சரியாக வரவில்லை என்றார் சங்கரசுப்பிரமணியன். பரிசு வேறொருவருக்குப் போயிற்று. வீடு திரும்பியதும் படத்தைக் கிழித்து, கணினியிலும் கேமராவிலும் இருந்ததை என் கண்முன்னே அழித்தார். நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பதைச் சொல்லி, எப்போது எது தேவைப்பட்டாலும் என்னிடம் வருமாறு அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

ஜெய்சனும் முத்துராணியும் மணம் செய்துகொண்டு வேறோர் ஊரில் வாழ்கிறார்கள். ஊரின் பெயரை எழுதமாட்டேன். இப்போதும் எங்கள் தெருவில் பைக் ஒன்று நின்றால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் எட்டிப் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு பட்டா மாறுதலுக்காகச் சங்கரசுப்பிரமணியன் எங்கள் அலுவலகத்திற்கு ஆறுமுறை அலைந்தார். ஒருமுறை அவரை உள்ளே அழைத்து, தாசில்தாரிடம் நான் பேசட்டுமா என்றேன். தம் முறை வரட்டும் என்று சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் போய் அமர்ந்தார். மனு முடிய ஐந்து மாதம் ஆயிற்று. என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.