காப்புக் கட்டிய பின் எல்லை தாண்டிய தனக்கோடி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்த வாரம் கத்தரிக்காயைவிட மலிவாகக் கிடைத்த சரக்கு ஒரு சேதி: கடப்பேரி தனக்கோடி சிங்கப்பூரில் போய்ச் சேர்ந்துவிட்டார். உடம்பு எந்த விமானத்தில் வருகிறது என்பதைச் சிலர் கொசுறாகவே கொடுத்தார்கள். காரணமும் இலவசம். கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டியபின் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கல் போட்டால் வேறென்ன ஆகும்?

ஆவணி பிறந்ததும் சரிபார்க்கப் போனால், செத்தவர் கடப்பேரி வீட்டு வராந்தாவில் லுங்கியோடு உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். "வாங்க சார். என் காரியத்துக்கா? லேட்டா வந்துட்டீங்க" என்றார். மிச்சமெல்லாம் மிக்சருக்கு நடுவே அவர் சொன்னது.

தொண்ணூற்று நாலு ஆடி. சிங்கப்பூரிலிருந்த மகள் ரேணுகாம்பாளுக்குப் பிரசவ நேரம். மாப்பிள்ளை ஆனந்தன் இரண்டு டிக்கெட் அனுப்பினார். தனக்கோடிக்கு நெஞ்சில் கோளாறு. மாடி ஏறக் கூடாது என்று தாம்பரம் டாக்டர் சொல்லி ஒரு வருஷம். ஆனால் மகளிடம், "டாக்டரு எல்லாம் சரியாப் போச்சுன்னுட்டாரும்மா" என்று போனில் அடித்துவிட்டிருந்தார். மனைவிக்கும் அதே பொய்தான். உண்மை தெரிந்தால் வரவேண்டாம் என்பாள். பேரப்பிள்ளையின் முகம் போட்டோவில்தான். சரியாகிப்போன நெஞ்சுக்கு மாத்திரை எதற்கு என்று கேள்வி வருமே! நாக்கடியில் வைக்கும் மாத்திரையை வீட்டிலேயே, அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மச்சினன் லோகநாதன் கோயில் தர்மகர்த்தா. வாசலில் நின்று எச்சரித்தான்: "காப்புக் கட்டிக்கீது மாமா. கூழ் ஊத்தற வரைக்கும் எல்லை தாண்டாத."

"ஆத்தாளுக்குப் பாஸ்போர்ட்டு கெடையாதுடா லோகு."

இந்த நக்கல்தான் பின்னால் குடைந்தது. மகள் வீடு பன்னிரண்டாம் மாடி. லிஃப்ட் பதினோராம் மாடியோடு நின்றுவிடும். மிச்சம் ஒரே ஒரு மாடிப்படி. அதில் பாதி ஏறுவதற்குள் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்தது போல இருந்தது. காற்று உதட்டுவரை வந்து திரும்பிப் போனது. பின்னால் வந்த மனைவி சாமுண்டீஸ்வரிக்குத் தெரியாமலிருக்க, வேடிக்கை பார்ப்பதுபோல் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார்.

"அப்படி இன்னாதான் தெரியுது அங்க?"

"கப்பலு."

கடல் இருந்தது எதிர்ப் பக்கம்.

இது டாக்டர் சொன்ன கோளாறா, ஆத்தாள் கோபமா? டாக்டர் என்றால் மகளிடம் சொல்ல வேண்டும். ஆத்தாள் என்றால் போதும், யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆத்தாள்தான் என்று முடிவு கட்டி, வீட்டில் ஆளில்லாத நேரம் லோகநாதனுக்குப் போன் போட்டார். "லோகு... எம்பேர்ல... ஒரு குடம் கூழு ஊத்திடு."

"இன்னா மாமா, மூச்சு இப்டி வாங்குது?"

கதவில் சாவி திரும்பியது. தனக்கோடி போனை வைத்துவிட்டார். இந்தப் பக்கம் லோகநாதன் செத்த போனைக் கையில் பிடித்தபடி நின்றான். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கும் போனான்.

அதன்பின் தனக்கோடி கீழே இறங்கவே இல்லை. இறங்கினால் ஏற வேண்டுமே. கூப்பிட்டபோதெல்லாம் வெயில், முழங்கால், டி.வி. என்று சாக்கு. மாரியாத்தாளுக்கு நேர்ந்து கட்டிப்போட்ட ஆடு மாதிரி ஜன்னலோரம் நின்று, விமானங்களில் எது மீனம்பாக்கம் போகிறது என்று பார்த்தார். ஊரில் தலைக்குமேல் அவை இரைந்தபோது திட்டியவர்தான்.

ரேணுகாம்பாளுக்கு வலி கண்டது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே போனபின்தான் பிளாஸ்க் ஞாபகம் வந்தது. "சும்மாதானே நிக்கற, போய் எடுத்தா" என்றாள் சாமுண்டீஸ்வரி. மறுக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. டாக்சி பிடித்துத் தனியாக வந்தார்.

பதினோராம் மாடியில் இறங்கி மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தக் காற்றில்லை. லிஃப்டுக்கு எதிர்க் கதவு திறந்தது. பனியன் போட்ட சீனத் தாத்தா ஒருவர் எட்டிப் பார்த்தார். தனக்கோடி நெஞ்சில் வைத்திருந்த கையைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சின்னக் குப்பியோடு வந்தார். ஒரு மாத்திரை. தன் நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

மூடி வேறு நிறம். மற்றபடி அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கும் அதே குப்பி.

மெல்ல மெல்ல அம்மிக்கல் நகர்ந்தது. தாத்தா பனியனைத் தூக்கித் தன் நெஞ்சில் ஓடிய நீளத் தையலைக் காட்டிச் சிரித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைக்கும்வரை எழுந்திருக்கவும் விடவில்லை.

அதே ஆஸ்பத்திரி. மகள் மூன்றாம் மாடியில், அப்பா தரைத்தளத்தில். பிறந்தது பேத்தி. "பிளாஸ்க் எங்கய்யா?" என்றுதான் சாமுண்டீஸ்வரி முதலில் கேட்டாளாம். பிறகுதான் அழுதாள். டாக்டர் இரண்டு முறை திட்டினார்: மாத்திரையை விட்டு வந்ததற்கு ஒன்று, அடுத்தவர் மாத்திரையைப் போட்டதற்கு ஒன்று.

தனக்கோடி ஊர் திரும்பியதும் லோகநாதன் மார்தட்டினான். "ரெண்டு குடம் ஊத்துனேன் மாமா. ஒண்ணு நீ பொழைக்கணும்னு. இன்னொண்ணு, பொழைக்கலைன்னா காரியத்துக்கு ஆவட்டும்னு."

ஆத்தாள் கணக்கு அத்தோடு தீர்ந்தது. தாத்தா கணக்கு தீரவில்லை. மகளைக் கொடுக்கச் சொன்னால், மாத்திரையை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்று சிரிக்கிறாள். இன்றைக்கும் சிங்கப்பூர் போகிற யாரைப் பார்த்தாலும் தனக்கோடி சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிக் குப்பியை நீட்டுகிறார். உள்ளே ஒற்றை மாத்திரை. "எம்பொண்ணு வீட்டுக்குக் கீழ பதினோராம் மாடி, லிஃப்டுக்கு எதிர்க் கதவு. பேரு தெரியாது. திருப்பிக் குடுத்துடுங்க." ஏர்போர்ட்டில் பிடிப்பார்கள் என்று ஆளாளுக்குப் பின்வாங்குகிறார்கள். தேதி முடிந்ததும் பழையதை எறிந்துவிட்டுப் புது மாத்திரை போட்டு வைக்கிறார்.