பயந்துட்டா, தம்பி

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது சாங்கி வேலைக்காகத்தான். விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எனக்குக் காலை ஷிப்ட். புக்கிட் மேராவிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் மாதத்தில் பாதி நாள் தாமதமாகிவிடும். என் கணவருக்கு அலுவலகம் பக்கத்திலேயே, நடந்து போய்விடுவார். அதனால் அவர் பெயரில் இருந்த பழைய காரை வாரநாட்களில் நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை தோற்றுத்தான் லைசென்ஸ் வாங்கினேன் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

சந்திப்புகளில் சிவப்பு விளக்குக் கேமரா வைக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. ஒரு மாலை ஃபேரர் பார்க் பக்கம் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிராங்கூன் சாலையில் சிவப்பு விழுந்தது. நிறுத்தக் கோட்டில் முதல் வண்டி என்னுடையது. பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் லாரி, நகர வேண்டுமென்றால் முன்னால் மட்டும்தான் இடம். குறுக்கே வண்டி வராததைப் பார்த்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி இடப்பக்கமாக ஒதுங்கினேன். ஆம்புலன்ஸ் கடந்து போகும்போது அதன் ஓட்டுநர் கையைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போதுகூட அந்தக் கை நினைவில் இருந்தது. நானும் ஒரு டிரைவர்தான் என்று முதல்முறையாகத் தோன்றியது.

பிறகு சிவப்பைத் தாண்டியதற்குச் சம்மன் வந்தது. என் கணவர் வாசலில் நின்றபடியே படித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள், யார் நம்புவார்கள் என்றார். தானே வந்து பேசிக்கொள்வதாகவும் நான் கூட இருந்தால் போதும் என்றும் முடிவு செய்தார்.

போலீஸ் அலுவலகத்தில் எங்களுக்கு வாய்த்த அதிகாரி தமிழ் இளைஞர். என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த இளைஞர் ஒரு புகைப்படத்தை எங்கள் முன் வைத்தார். சிவப்பு விளக்கு, கோட்டைத் தாண்டி எங்கள் கார். ஆம்புலன்ஸ் இன்னும் அந்தப் படத்துக்குள் வந்திருக்கவில்லை. பார்த்த உடனே எனக்குப் புரிந்தது. எனக்குப் பின்னால் அதுவும் அதே கோட்டைத் தாண்டியிருக்கிறது. அப்படியானால் கேமரா எடுத்த அடுத்த படத்தில் அது இருக்க வேண்டும். அதைப் பார்க்கச் சொல்லலாம் என்று நான் முன்னால் குனிவதற்குள் என் கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"புதுசா லைசென்ஸ் எடுத்தவ, தம்பி. ரெண்டு தடவ ஃபெயிலானவ. பின்னால ஏதாவது சத்தம் கேட்டா கை கால் ஓடாது. பொம்பளதானே, பயந்துட்டா."

பின்னால் பெஞ்சில் காத்திருந்த இரண்டு தமிழர்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்படியாக்கா? பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அவர் உண்மையிலேயே கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. என் கணவரின் முழங்கை என் கையில் இலேசாகப் பட்டது.

"ஆமா," என்றேன்.

இந்த முறை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் என் கணவர் சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். லிட்டில் இந்தியாவில் எனக்குப் பிடித்த பிரியாணி வாங்கித் தந்தார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து மறுபடி பஸ். கார் எடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் சாவியைத் தொடக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து, அங்குள்ள கேண்டீனில் கோப்பி குடிக்கும்போது அவர் இந்தக் கதையைச் சொல்வார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் நடுங்குவதுபோல் நடித்தும் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு ஞாயிறு சிரிப்பு வரவில்லை.

"நான் பயப்படல," என்றேன். "ஆம்புலன்ஸ் வந்துச்சு. வழி விட்டேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ வடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். என் கணவர் கோப்பிக் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது. மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன்; ஆகவில்லை. அந்த அதிகாரியிடம் சொல்லத் துணியாததை அவருடைய கூட்டாளிகள் நடுவே அவர் தலையில் போட்டுவிட்டேனே என்று அதற்கும் கூசினேன்.

வீட்டுக் கார் பார்க்கில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அவர் பேசினார். "அன்னைக்கே அந்தப் பையன்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க பேச விடலீங்க."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்; வீட்டுக்குள் நுழைந்ததும் சாவியை ஆணியில் மாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்ரோல் கம்மியாக இருக்கிறது, போட்டுக்கொள் என்றார். சரி என்றேன். அன்று சாங்கி போகும் வரை ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கோட்டுக்கு வெகு தூரம் பின்னாலேயே நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.