என் கதைக்கு அவர்கள் வைத்த திருடி

எங்கள் பங்குக் கோயிலின் மாத இதழில் சிறுமிகளுக்காக ஒரு துப்பறியும் தொடர் எழுதினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் நான் எடுக்கும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள் என்றுதான் ஆரம்பித்தேன். கதையில் செபமும் இருக்கணும், திருட்டும் இருக்கணும் என்றார்கள்.

கதையில், திருவிழாவுக்கு முன்பு மாதா சிலையின் சங்கிலி காணாமல் போகிறது. ஆறாவது படிக்கும் ஒருத்தி செபமாலை சொல்லிக்கொண்டே யோசித்து, பயப்படாமல் ஒவ்வொருவராகக் கேட்டு, கண்டுபிடிக்கிறாள். எடுத்தவர் திருவிழாக் குழுத் தலைவர். அவர் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார். கடைசி அத்தியாயத்தை அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

இதழ் அச்சாகி வந்தபோது சங்கிலியைத் திருடியவள் கோயில் பெருக்கும் பெண்ணாகியிருந்தாள். தலைப்புக்குக் கீழே என் பெயர்.

எங்கள் கோயிலைப் பெருக்குவது ஒரே ஒரு அம்மாதான். அவர் மகள் என் வகுப்பில் முன்வரிசையில் உட்காருவாள். அன்றைக்கு இதழை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், எங்கம்மாவ நெனச்சா எழுதுனீங்க?"

"நான் இப்படி எழுதலம்மா. யாரோ மாத்திட்டாங்க."

"உங்க பேருதான போட்டிருக்கு."

மற்ற பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நேரே ஃபாதர் அறைக்குப் போனேன். எங்கள் கோயிலின் திருவிழாக் குழுத் தலைவரும் அங்கே இருந்தார். பிரான்சில் வேலை பார்த்து பென்ஷனோடு திரும்பியவர். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல எல்லாருக்கும் அவர் முசே.

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றார் முசே. குரலில் கூச்சமே இல்லை. "சின்னப் பசங்க படிக்கிறது. பெரியவங்க மேல மரியாத போயிடக் கூடாது பாருங்க."

"பெருக்குறவங்க மேல போனா பரவால்லயா?"

அவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர், "அடுத்த மாசம் சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம். அச்சுப்பிழைன்னு," என்றார்.

"திருடுன ஆளே மாறிப்போறது அச்சுப்பிழையா, ஃபாதர்?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை; அது இன்னும் வலிக்கிறது.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. கருவடிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே இருந்தவள் வெளியே வரவேயில்லை. அம்மாதான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"விடுங்க டீச்சர். கதைதான," என்றார். பிறகு அவரே சொன்னார். "நேத்து கோயிலப் பூட்டிட்டு சாவி குடுக்கப் போனேன். மெழுகுவத்தி ஸ்டாண்டெல்லாம் இருக்கான்னு ஒருத்தர் உள்ள போயி பாத்துட்டு வந்தாரு. இத்தன வருஷத்துல யாரும் பாத்ததில்ல."

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் திருத்தத்துக்குக் காத்திருக்க முடியவில்லை. நான் எழுதிய கடைசி அத்தியாயத்தை நகல் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டதும் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். முசே கையிலும் கொடுத்தேன். வாங்கி மடித்து, படிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதே வாரம் ஃபாதர் கூப்பிட்டனுப்பி, இந்த வருஷம் நான் ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது என்றார். வகுப்பு வேறொருவருக்குப் போனது. திருத்தம் இன்றுவரை வரவில்லை.

அந்த அம்மா கோயில் வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்துவிட்டார். போன மாதம் பெரிய மார்க்கெட்டில் இருவரையும் பார்த்தேன். அம்மா நின்று நலம் விசாரித்தார். மகள் மீன்காரியின் கூடையைப் பார்த்தபடியே நின்றாள்.

"டீச்சருக்கு ஸ்தோத்திரம் சொல்லுடி," என்றார் அம்மா.

சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். அந்த நகலை அவள் படித்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. என் கதையை எடுத்து ஒரு பிள்ளையின் முகத்தில் அடித்தவர்கள்மேல்தான் ஆத்திரம். அவர்கள் ஞாயிறுதோறும் முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் அதே பூசைக்குப் போகிறேன். அவர்களுக்காக நான் ஏன் வேறு கோயிலுக்குப் போக வேண்டும்?