சிவப்பு நூல் கட்டிய குவளை

முதலில் வந்தது இருமல். பொகவந்தலாவைப் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக்கு இருமல் ஒரு நோயா? பனி என்றேன், அடுப்புப் புகை என்றேன். ஒரு மழை நாளில் மலையில் நிற்கும்போதே சேலைத் தலைப்பில் இரத்தம் பட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் கசரோகம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்றார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் (அந்தக் கிருமியைக் கொல்லும் ஊசி) அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. உயிர் திரும்பியது, காதில் ஓர் இரைச்சல் குடியேறியது. அந்த ஊசி போட்டு உங்களுக்கும் காது இரைந்தால் டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

அந்த இரைச்சலில் பிறர் மெதுவாகப் பேசுவது கேட்காது. கேட்காத பேச்செல்லாம் என்னைப் பற்றியது என்றே எனக்குப் பட்டது.

துண்டு வெட்டிய அன்று (ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதை அப்படித்தான் சொல்வோம்) டாக்டர், "சளியில இப்ப கிருமி இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது" என்றார்.

"நெசந்தானுங்களா? அடுத்த ஆளுக்குக் கட்டில் வேணும்னு அனுப்புறீங்களா?"

அவர் சிரித்தார். "கட்டில் வேணுந்தான். அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்தால், அடுப்படிச் சுவரில் தனி ஆணியில் என் தகரக் குவளை, பிடியில் சிவப்பு நூலோடு, அப்படியே தொங்கியது. நோய் தெரிந்ததும், வேறு யாரும் அதில் குடித்துவிடக் கூடாதென்று நூலைக் கட்டியவள் ரோசம்மா, என் வீட்டுக்காரரின் தங்கை.

"டாக்டர்தான் சொல்லிட்டாரே" என்றேன்.

"இருக்கட்டும் மதினி. அது என்ன சோறா கேக்குது?"

மரணத்திலிருந்து மீட்ட கர்த்தருக்குக் கோயிலில் ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் ஆசை. வந்தது திருவிருந்து ஞாயிறு. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் குடிப்போம். இரட்சிப்பின் பாத்திரம் என்போம். வீட்டில் தனிக் குவளை வைத்திருக்கிறவளுக்கு அதில் பங்கு உண்டா? நான் வாய் வைத்தபின் ஒருவர் ஒதுங்கினாலும் என் ஸ்தோத்திரம் தொண்டையிலேயே நின்றுவிடும். எல்லாரும் முடிக்கட்டும் என்று கடைசியாகப் போனேன்.

முழங்காலிட்டுக் குடித்தேன். போதகர் விளிம்பைத் துணியால் துடைத்தார். எல்லாருக்கும் துடைப்பதுதான், எனக்கு மட்டும் அழுத்தித் துடைத்ததாகத் தோன்றியது. பாத்திரம் பீடத்துக்குத் திரும்பவில்லை. என் இடப்பக்கம் போனது. அங்கே ரோசம்மா முழங்காலிட்டிருந்தாள். குடித்தாள்.

வெளியே வந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். "முன் பெஞ்சுலதானே இருந்த? ஏன் பிந்துன?"

"பெஞ்சு ஆணியில சேல மாட்டிக்கிச்சு மதினி. இழுத்துக் கிழிஞ்சா நீங்களா வாங்கித் தருவீங்க?"

டாக்டர் சொன்னதை நம்பாதவள் யாரை நம்பிக் குடித்தாள்? கர்த்தரையா, என்னையா? ஆணிதான் காரணமா?

அடுத்த ஞாயிறு முன்னதாகவே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலும் கீழும் கையால் தடவினேன். ஆணி எதுவும் இல்லை.

பாட்டு தொடங்கியது. முன்பெல்லாம் ஒரு மலையை ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது ஒரு வரி பாடி முடிக்க மூச்சு போதவில்லை. அடுத்த மூச்சு வரும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன். காத்திருந்த இடத்தில் ரோசம்மாவின் குரல் வரியை முடித்தது. இரைச்சலைத் தாண்டி எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து சிவப்பு நூலை அறுத்து அடுப்பில் போட்டேன். எல்லாக் குவளைகளையும் ஒன்றாகப் போட்டுக் கழுவினேன். எது என்னுடையது என்று இப்போது எனக்கே தெரியாது.