கன்று குடிக்காத கடும்பு

கன்று பிறந்தது காலை ஏழு மணிக்கு. எட்டரைக்கெல்லாம் அதற்குரிய முதல் பால் எங்கள் குசினி அடுப்பில் பனங்கட்டியும் ஏலக்காயும் சேர்ந்து திரண்டுகொண்டிருந்தது. ஒன்பதரைக்கு நான் அதில் இரண்டாவது கிண்ணத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரைக் கோபிப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த மூன்று நேரங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. மூன்றாவது என்னுடையது.

மாடு கன்று போட்டதும் முதல் இரண்டு மூன்று நாள் வருகிற மஞ்சளான, தடித்த பாலை எங்கள் பக்கத்தில் கடும்பு என்போம். ஜெயபுரத்தில் ஒரு வீட்டு மாடு கன்று போட்டால் அந்த வீட்டில் கடும்பு காய்ச்சி அயலுக்கு அனுப்புவார்கள். முன்பு எங்களுக்கு அனுப்பிய வீட்டை நாங்கள் மறக்கக்கூடாது. மறந்தால் கோயில் வாசல்வரை கதை போகும். என் கணவரின் தாயாருக்கு, நான் மாமி என்று கூப்பிடும் அவருக்கு, யார் வீட்டுக் கடும்பு எப்போது வந்தது என்பதெல்லாம் மனப்பாடம். அன்று ஏழு வீட்டுக்குப் போனது. கன்று கொட்டிலின் கப்புத் தூணில் கட்டுண்டு, ஈரம் காயாத உடம்போடு, கயிற்றின் நுனியைச் சூப்பிக்கொண்டு நின்றது.

நான் கேட்காமல் இல்லை. கேட்டேன்.

"மாமி, கன்றுக்கு முதல் ஊட்ட விடுறேல்லையோ?"

"கடும்பு கன்றுக்குச் சூடு பிள்ளை. குடிச்சா வயித்தாலை போகும். பின்னேரம் கொஞ்சம் விடுவம்."

"ஆசுப்பத்திரியில பிள்ளைக்கு முதல் பால் கட்டாயம் எண்டவை..."

"அது மனுசப் பிள்ளை. இது மாடு. நீ புத்தகத்தில படிச்சனி. நான் பட்டியில படிச்சனான்."

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. பதினொரு மாடு வைத்திருந்து, இடப்பெயர்வில் அத்தனையையும் விட்டுவிட்டு வந்த ஒருவரிடம் மாட்டைப் பற்றி எப்படி வாதாடுவது? எங்கள் வீட்டில் பிள்ளை விடயத்தில் கிளினிக் சொன்னால் மாமி மறுபேச்சில்லாமல் கேட்பார். மாட்டு விடயத்தில் கிளினிக்கும் அவர்தான்.

என் மகன் அப்போது ஐந்து மாதம். அவன் பிறந்த அன்று தாதி ஒருத்தி எனக்குத் தையல் போட்டு முடியுமுன்பே அவனைத் தூக்கி என் நெஞ்சில் வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு தாய் தன் மகளின் குழந்தைக்குப் பருக்கச் சீனித் தண்ணீர் கொண்டுவந்தபோது, "அம்மா, உந்தத் தண்ணியை நீங்களே குடியுங்கோ, களைச்சுப்போய் வந்திருக்கிறியள்" என்று அந்தத் தாதி விடுதி முழுக்கக் கேட்கச் சொன்னாள். அன்று அவளை எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது நினைத்தால் என் மகனின் உடம்பில் பாதி அவள் போட்ட சத்தம். கன்றுக்காக அப்படிச் சத்தம் போட எங்கள் கொட்டிலில் இருந்தது நான் மட்டும்தான். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குந்திவிட்டேன். பால் கொடுக்கிற தாய்க்கு நல்லது என்று மாமி அன்போடு தந்தது. ருசியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். ஆனால் கன்றின் குடலைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது அரைகுறை. அந்த அரைகுறைதான் என் வாயை அடைத்தது. முழுவதையும் பிறகுதான் வாசித்தேன். மனிதக் குழந்தைக்கு நோயைத் தாங்கும் சக்தியில் ஒரு பங்கு கருப்பையிலேயே தாயிடமிருந்து வந்துவிடுகிறது. கன்றுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. அது வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்த முதல் சில மணித்தியாலங்களில் அதன் குடற்சுவர் இழை நெருங்காத துணி மாதிரி இருக்கும். கடும்பில் உள்ள காப்புப் பொருள் அப்படியே அதற்குள்ளால் இரத்தத்துக்குப் போய்விடும். ஒரு நாளுக்குள் அந்தத் துணி இறுகிவிடும். பிறகு வாளி வாளியாக ஊற்றினாலும் வயிற்றுக்குள்தான் கிடக்கும், இரத்தத்துக்குப் போகாது. மாமி சொன்னது சரி, இது மாடுதான். மாடு என்றபடியால்தான் அதற்கு அந்தப் பால் என் பிள்ளையைவிடக் கூடுதலாகத் தேவைப்பட்டது.

ஒன்பதாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. வெள்ளையாக, நாற்றமாக. வாலும் பின்னங்கால்களும் அப்பிக் காய்ந்து கிடந்தன. மறுநாள் கண் குழிவிழுந்து, காது இரண்டும் தொங்கிவிட்டன. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது, சூப்பவில்லை.

"பால் ஒத்துக்கொள்ளேல்லை" என்று மாமி பாலை நிறுத்தினார். கொய்யாக் கொழுந்து அவித்த தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் பருக்கினார். நோகாமல், தலையைத் தன் மடியில் வைத்து, மெல்ல மெல்லப் பருக்கினார். அவருக்கு அந்தக் கன்றில் பாசமில்லை என்று நான் சொன்னால் அது பொய். அந்தப் பாசத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றால் போகிற உயிரை இரண்டு நாள் பட்டினி போட்டுத் தலையைத் தடவுகிற பாசம்.

உழவு மெசினோடு வயலுக்குப் போகப் புறப்பட்ட என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, டொக்டரைக் கூப்பிடுவம்."

"அம்மாவுக்குத் தெரியாததே?"

"தெரியாது" என்றேன். அந்த வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெசினை ஸ்ராட் பண்ணிக்கொண்டு போய்விட்டார். நான் மகனை இடுப்பில் வைத்தபடி மிருக வைத்தியருக்கு அழைத்தேன்.

அவர் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து, கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.

"பாலை ஆர் நிப்பாட்டச் சொன்னது? இது பாலாலை சாகேல்லை. தண்ணியும் சாப்பாடும் இல்லாமல் சாகப்போகுது."

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வைத்தியர் சேலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"கடும்பு குடிச்சதோ?"

"பின்னேரம் கொஞ்சம்" என்றேன்.

"மிச்சம்?"

நான் மாமியைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "எத்தினை வீடு?"

"ஏழு" என்றார் மாமி.

"நல்லது. ஏழு வீட்டுக்காரருக்கும் இனி ஒரு நோய் வருத்தமும் வராது. இவவுக்குத்தான் வரும்" என்று கன்றின் முதுகைத் தட்டினார்.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகக் கொடுக்கச் சொன்னார். இடையில் வயிற்றோட்டத்துக்குக் கரைக்கிற உப்புப் பைக்கற். கொட்டிலைக் காயவைக்கச் சொன்னார். வாளியைக் கொதிநீரில் கழுவச் சொன்னார். அவர் போகும்போது நான் படலைவரை பின்னால் போனேன்.

"கடும்பு குடுக்காததாலைதானோ டொக்டர்?"

"அதாலையும் இருக்கும் தங்கச்சி. வாளி, ஈரம், ஈ... ஒண்டாலைதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது."

அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் எனக்கு அப்போது நேர்மை வேண்டியிருக்கவில்லை. ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது மாமி வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியோ? அதாலை எண்டு அவர் சொல்லேல்லை."

"அதாலை இல்லை எண்டும் சொல்லேல்லை மாமி."

"நீயும் திண்டனிதானே. ரெண்டு கிண்ணம்."

நான் அறைக்குள் போய், தொட்டிலில் கிடந்த மகனின் தொடையைப் பிடித்துப் பார்த்தேன். கொழுகொழுவென்று இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

கன்று பிழைத்தது. நான்கு நாள் நானும் மாமியும் மாறிமாறிப் பருக்கினோம், ஒருவரோடொருவர் பேசாமல். ஐந்தாம் நாள் அது எழும்பி என் சட்டையின் நுனியைச் சூப்பியது.

இரண்டு கிழமை கழித்துக் குசினி அலுமாரியைத் துடைக்கும்போது மா போட்டுவைக்கும் தகரப் பேணிக்கு அடியில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. மாடு வளர்ப்போருக்கான பயிற்சியில் கொடுத்தது. மாடு என் பெயரில் பதிந்தது. பயிற்சிக்குப் போனது என் கணவர், பிள்ளைத்தாய்ச்சி எப்படி வெயிலில் போவது என்று. போய்க் கையெழுத்து வைத்து, சோத்துப் பார்சல் சாப்பிட்டு, தாளை மடித்துக் கொண்டுவந்து தந்திருக்கிறார். பேணிக்கு அடியில் விரித்தது யார் என்று கேட்காதீர்கள். வாசிக்காமல் விரித்தவள் நான். இரண்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: கன்று பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கடும்பு. நான் நின்றபடியே நான்கு தடவை வாசித்தேன். பிறகு கணவரிடம் நீட்டினேன்.

"ஓம், சொன்னவங்கள்தான்" என்றார்.

"சொன்னவங்கள்தான்" என்று அவர் சொன்ன அந்தக் குரல்! மழை வரும் என்று சொன்னார்கள் என்பதுபோல.

பிழைத்தது என்றேன், வளர்ந்தது என்று சொல்லவில்லை. மூன்றாம் கிழமையிலிருந்து கறந்த பால் விலைக்குச் சேகரிப்பு நிலையத்துக்குப் போனது, கன்றுக்குக் கஞ்சியும் வைக்கோலும் வந்தன. கன்றுக்கு இரையை நொதிக்க வைக்கிற பெரிய வயிறு அந்த வயதில் வேலை தொடங்கியிருக்காது. பால் அதைத் தாண்டி நேரே கடைசி வயிற்றுக்குப் போய்ச் செரிக்கும். கஞ்சியின் மாச்சத்தை அந்தக் குடல் என்ன செய்யும்? ஏற்கெனவே புண்பட்ட குடல். அதன் வயிறு பானையாகித் தொங்கியது, முதுகு வில்லானது, மயிர் சடைத்து மங்கியது. நான் என்ன செய்தேன்? சண்டை போட்டேனா? இல்லை. காலையில் மாமி முகம் கழுவப் போகிற ஐந்து நிமிடத்தில் கன்றைக் கள்ளமாக அவிழ்த்துத் தாயிடம் விட்டேன்.

"பால் குறைஞ்சு போச்சு" என்பார் மாமி.

"புல்லுக் காணாது மாமி" என்பேன்.

ஒரு படித்த பெண் ஐந்து நிமிடத்தைத் திருடிக்கொண்டிருந்தாள். இப்போதும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவின் பசுவும் அதே மாதம்தான் கன்று போட்டது. அவர்கள் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் பூவரசங்குளம் போயிருந்த நேரம், மாடு மேய்ச்சலுக்குப் போன பற்றைக்குள்ளேயே போட்டுவிட்டது. அடுத்த நாள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் கன்று மூக்குமுட்டக் குடித்திருந்தது. "எல்லாத்தையும் அது குடிச்சுப்போட்டுது பிள்ளை, எங்களுக்கு ஒரு சொட்டுக் கடும்பு இல்லை" என்று அக்கா அன்று குறைபட்டார். அந்தக் கன்று இப்போது எங்களுடையதைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது. கொடுத்துவைத்த கன்று. அது பிறந்தபோது பக்கத்தில் மனிதர் எவரும் இருக்கவில்லை.

வருகிறவர்கள் எங்கள் கன்றைப் பார்த்து வயது கேட்பார்கள். மாமி ஒவ்வொரு முறையும் முன்பு சொன்னதைவிட இரண்டு மாதம் குறைத்துச் சொல்வார். எங்கள் வீட்டில் வயது இறங்கிக்கொண்டு போன ஒரே உயிர் அதுதான்.

போன மாதம் கால்நடைப் போதனாசிரியை ஒருவர், என் வயதுதான் இருக்கும், ஸ்கூட்டியில் வந்து மாடுகளைப் பதிந்தார். கன்றைக் காட்டிக் கேட்டார், "இவவுக்கு எத்தினை மாசம்?"

"பத்து" என்றார் மாமி.

"பதினேழு" என்றேன்.

போதனாசிரியை பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் பார்த்தார். "ஆர் சொல்லுறதை எழுத?"

"பதினேழு எழுதுங்கோ மிஸ். கடும்பு குடுக்கேல்லை. பிறகு கஞ்சி குடுத்தது. அதையும் எழுத இடமிருந்தா எழுதுங்கோ."

அதற்குப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. இந்த எடையோடு இப்போதைக்குச் சினைப்படுத்த முடியாது என்றார். பூச்சி மருந்து, பிண்ணாக்கு, பச்சைப்புல் என்று எழுதித் தந்தார். முதல் மாதங்களில் விட்டதை முழுக்கப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். "கொஞ்சம் பிடிக்கலாம்" என்றார். முழுக்க என்று சொல்லவில்லை.

தாய்ப்பசு மறுபடியும் சினை. இன்னும் இரண்டு கிழமையில் போடும். முந்தநாள் வேலிக்கு மேலால் அக்கா கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, மடி இறங்கிட்டுது போலை. இந்தமுறை பனங்கட்டி கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லு மாமியை."

"இந்தமுறை கடும்பு வராது அக்கா. கன்றுக்குத்தான்."

"முழுக்கவோ? அது என்ன, யானைக்கன்றோ போடப்போகுது?"

"குடிச்சு மிஞ்சினா மூண்டாம் நாள் தாறன்."

"மிச்சமோ?" அக்கா சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை. "கன்று குடிச்ச மிச்சம் எங்களுக்கோ? நல்லா இருக்கடி உங்கட கதை."

மாமி கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து வாளியைத் தொம்மென்று வைத்தார்.

"ஏழு வீட்டுக்கும் நான் இனி எப்பிடி முகம் குடுக்கிறது? என்னைக் கேட்டியோ?"

"கேட்டா நீங்கள் வேண்டாம் எண்டிருப்பியள், மாமி."

"ஓம், எண்டிருப்பன்தான்."

அப்போதே மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. அக்காவிடம் அப்படி முகத்திலடித்த மாதிரிச் சொல்லியிருக்க வேண்டாம், மாமிக்கு முதலில் சொல்லியிருக்கலாம், தாளை வாசித்துக் காட்டியிருக்கலாம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். மாமி என்னோடு பேசுவதில்லை. மகனோடு மட்டும், எனக்குக் கேட்கும்படி பேசுகிறார். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பசு மாமியின் கைக்குத்தான் பால் இறக்கும். எனக்குக் கறக்கத் தெரியாது. முதல் நாள் மாமி செம்போடு கொட்டிலுக்கு வந்தால் வழியை மறிக்கிற தைரியம் எனக்கு இருக்குமா என்று கேட்டால், தெரியாது. ஆனால் கன்றுக்குக் கடும்பு போய்ச்சேர நான் கறக்கப் பழக வேண்டியதில்லை. கன்றைக் கட்டாமல் விட்டால் போதும்.