சாய்வு நாற்காலி போட்ட மில் வீடு

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'டூர் டீச்சர்' என்று பெயர். வருஷம் தவறாமல் ஒன்பதாம் வகுப்பை மில் குடியிருப்புக்கு அழைத்துப் போகும் சரித்திர டீச்சர். மில் மூடியபின் வரிசை வீடுகளை இடித்தாயிற்று. ஒன்றை மட்டும் பாரம்பரியச் சின்னம் என்று ஓர் அறக்கட்டளை செப்பனிட்டு வைத்திருந்தது. இடித்தவற்றில் ஒன்றில்தான் அவள் பிறந்தாள். அதைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

"இந்தத் தடவையும் பசங்க வெறும் செல்ஃபியோட திரும்பி வந்தா அடுத்த வருஷம் டூரே கிடையாதும்மா," என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

உள்ளே நுழைந்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் வெறும் அறையாக இருந்த இடத்தில் இப்போது சாய்வு நாற்காலி, பூவேலை செய்த நிலைக்கண்ணாடி, மூலையில் மஞ்சள் விளக்கு.

"மிஸ், செம வீடு! ரிசார்ட் மாதிரி இருக்கு."

"ஒரு ஆளுக்குக் கரெக்டா இருக்கும்ல?"

ஒரு ஆளுக்காம்!

"இதெல்லாம் யார் சார் கொண்டுவந்து போட்டது?" என்று அறக்கட்டளையின் காப்பாளரைக் கேட்டாள்.

"பார்க்க லட்சணமா இருக்க வேணாமா டீச்சர்? வெறும் ரூமைப் பார்க்க எவன் வருவான்?"

அவர் டீ குடிக்கப் போனதுதான் தாமதம். "தூக்குங்கடா வெளியே," என்றாள். சாமான்கள் வாசலுக்குப் போயின. சாக்பீஸால் தரையில், படுக்கும் இடத்துக்கு ஆளுக்கொரு கோடு போட்டாள். இது அப்பா. இது அம்மாவும் கைக்குழந்தையும். கதவோரம் பிள்ளைகள் நாலு பேர். அடுப்பை ஒட்டி ஒரு பாய். ராத்திரி ஷிஃப்ட் முடித்த சித்தப்பா பகலில் தூங்கி எழுந்ததும், ராத்திரி அதே பாயில் மாமா.

"படுங்க."

படுத்தார்கள். ஒரே சிரிப்பு.

"டேய், காலை எடுடா, மூக்குல இடிக்குது!"

"மாமா, குறட்டை விடாம படுங்க!"

அவள் தொண்டை வறளக் கத்தியும் அவர்கள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. அதற்குள் காப்பாளர் வந்துவிட்டார். "தரைக்கு பாலிஷ் போட்டு ஒரு வாரம்கூட ஆகலை டீச்சர்! இனிமே உங்க ஸ்கூல் இந்தப் பக்கமே வர வேணாம்." தலைமையாசிரியருக்கு அங்கேயே போன் போட்டார்.

ஈரத்துணியோடு அவள் மண்டியிட்டாள். கதவோரத்து மூன்றாவது கோடு அவளுடையது. அதையும் சேர்த்தே துடைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில், கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்: "டேய், சித்தப்பா பகல்ல தூங்குவார்ல? அப்ப பசங்க எங்கடா படிப்பாங்க?"

"வெளியதான்."

"மழை பெய்ஞ்சா?"

அவள் விருட்டென்று திரும்பினாள். "இதை அங்கேயே கேட்டா என்னடா? வாயில பூட்டா போட்டிருந்துச்சு?"

பையன் மிரண்டான். ஆனாலும் விடவில்லை. "சொல்லுங்க மிஸ். மழை பெய்ஞ்சா?"

"படிக்கலை," என்றாள், எரிச்சல் அடங்காமல். "எங்க அண்ணன் படிக்கவே இல்லை."