பனி உடைத்த அந்தோணியம்மாள் டீச்சர்

ஈப்போவில் காலைக் கோப்பியோடு உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. அந்தோணியம்மாள் டீச்சர் காலமாகிவிட்டார். கோப்பி ஆறிப்போனது.

ஒரே இடைநிலைப்பள்ளியில் அவர் ஆங்கிலமும் நான் தமிழும் கற்பித்தோம். இருவருமே செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஆசிரியர் அறையில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் டீச்சர்தான் முதலில் போய்ப் பேசுவார். ஆங்கிலத்தில் அதற்கு 'பிரேக் தி ஐஸ்' என்பார்கள். "பேச்சுக்கும் பனிக்கட்டிக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிந்த ஐஸ், கடையில் கிண்ணத்தில் சர்பத் ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கோடு சரி" என்று கேலி செய்தேன்.

"குளிர் நாட்டுல ஆறெல்லாம் உறைஞ்சி சரக்குக் கப்பல் மாட்டிக்கும் சார். கெட்டியான படகு ஒன்னு முன்னால போயி பனிய ஒடச்சி வழி விடும். அதுலேருந்து வந்த பேச்சு. சிரிக்க வைக்கிறதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. முன்னால போற படகுக்குத்தான் அடி விழும் லா" என்றார்.

அந்த அடியை நானே பார்த்தேன். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது தோட்டத்துக் கோயிலை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றேன் நான். கூடாது என்றான் என் தம்பி பாலன். ஊரே இரண்டாகி, கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் உள்ளே வந்து, "எல்லாரும் சாப்டாச்சா?" என்றார். "கோயில் விசயத்துல சர்ச்சுக்காரவங்களுக்கு என்ன வேல?" என்று ஒருவர் சீறினார். எனக்கு ரத்தம் கொதித்தது. டீச்சரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீறியவரிடமே அவர் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அதன்பின் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அடுத்தடுத்த கூட்டங்களில் கோயிலை மாற்ற முடிவானது.

ஆனால் பாலன் என்னோடு பேசுவதை விட்டுவிட்டான். நானும் போகவில்லை. அண்ணன் நான், அவன்தான் வரட்டும் என்று இருந்தேன். கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது டீச்சர் மூச்சு வாங்கச் சொன்னார்: "கோயிலு எடம் மாறியாச்சு சார். நீங்க ரெண்டு பேருந்தான் இன்னும் அங்கேயே நிக்கிறீங்க. தம்பிகிட்ட நீங்களே போங்க. என்னால இனி நடக்க முடியாது." பார்க்கலாம் டீச்சர் என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

நேற்று தேவாலயத்தில் டீச்சரின் இறுதிச் சடங்கில் பின்வரிசையில் பாலன் தனியாக உட்கார்ந்திருந்தான். தலைமுடி பாதி நரைத்திருந்தது. அருகே போய், "எப்படா வந்த?" என்றேன்.

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பியும் பார்க்கவில்லை. அத்தனை பேர் நடுவில் என் முகம் சுட்டது. வெளியே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. டீச்சர், இதை எத்தனை முறை எங்களுக்காகத் தாங்கினீர்கள்?

நான் நின்றுகொண்டே இருந்தேன். பாடல் தொடங்கியது. உங்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே பாலன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

போய் வாருங்கள், டீச்சர். அவன் விட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.